அதிர்ஷ்டக் கண்ணுக்கு ஒரு மணி நேரம்

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. என் கணவர் யுகேந்திரன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வீடியோ கேம் பெட்டி. பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு டிரெய்லர் லோரி ஓட்டிவிட்டு வருகிற மனிதர், குளித்துச் சாப்பிட்டதும் அதன் முன்னால் உட்கார்ந்து யாரையாவது சுடத் தொடங்கிவிடுவார். நாற்பது வயதை எட்டப் போகிறவருக்கு இது தேவையா என்று நான் அந்தப் பெட்டியைக் கரித்துக் கொட்டாத நாளில்லை. பழைய பேப்பர் லோரி எங்கள் ஊர் லாயாங் லாயாங் பக்கம் வரும்போதெல்லாம், இன்றைக்குத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று மிரட்டுவேன். அவரும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே சுடுவார்.

கடைசியில் அந்தப் பெட்டியின் முன்னால் நானே போய் உட்கார வேண்டி வந்தது. அதற்குக் காரணம் என் மகள் லோஷினியின் கண்.

லோஷினிக்கு அப்போது ஐந்து வயது. பாலர் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பார்த்தார்கள். இவளுக்கு இடது கண் சரியில்லை, உடனே காட்டுங்கள் என்று டீச்சர் சொன்னார். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அவளுக்கு இடது கண் மூக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். மாறுகண் உள்ள பெண் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் என் அப்பா சதாசிவம்.

கண்ணைக் காட்டுவதற்குப் பக்கத்து டவுனான குளுவாங்கில், எனக்குத் தெரிந்த பஸீலாவின் கடைக்குப் போனோம். பஸீலாவின் குடும்பம் நாகூர்ப் பக்கம். அவள் அப்பா பசார் சந்தைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை நடத்தினார். மகள் கண் பரிசோதனைக்குப் படித்துவிட்டு அதே வரிசையில் மூக்குக் கண்ணாடிக் கடை போட்டிருந்தாள். லோஷினியின் வலது கண்ணை மூடி, சுவரில் எழுத்துகளைக் காட்டினாள். பிள்ளை மேலே இருந்த பெரிய எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்றது.

கீழே ஏழு வரி இருந்தது.

பஸீலா நிதானமாக விளக்கினாள். இதைச் சோம்பேறிக் கண் என்பார்களாம். கண்ணில் பழுதில்லை. ஆனால் அந்தக் கண் பார்த்துச் சொல்வதை மூளை காதில் போட்டுக்கொள்வதில்லை. நல்ல கண்ணையே நம்பிப் பழகிவிட்டது. நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்தால், மூளை வேறு வழியில்லாமல் மற்ற கண்ணைக் கேட்கத் தொடங்கும். சின்ன வயதிலேயே செய்ய வேண்டும். ஏழெட்டு வயதைத் தாண்டினால் கஷ்டம். ஆஸ்பத்திரிக் கண் டாக்டரிடம் அனுப்பினாள். அவரும் அதையே சொன்னார். கண்ணாடி போட வேண்டும், மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் வலது கண்ணில் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

மத்தியானம் நான் சிம்பாங் ரெங்கத்தில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருப்பேன். கார்களுக்குள் பொருத்துகிற கறுப்பு மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. யுகேந்திரன் லோரியில் இருப்பார். பாலர் பள்ளி விட்டதும் லோஷினியைப் பார்த்துக்கொள்வது என் அப்பாதான். அம்மா இறந்த பிறகு பெக்கோக் ஊரிலிருந்த தம் வீட்டை விட்டு எங்களோடு வந்துவிட்டார். சோறு ஊட்டுவார், குளிப்பாட்டுவார், பேத்தி கேட்டால் முதுகில் ஏற்றிக்கொண்டு ரயில் பார்க்கப் போவார். அவரிடம் பிளாஸ்டர் பெட்டியைக் கொடுத்து, ஒட்டும் விதத்தையும் காட்டிக் கொடுத்தேன்.

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிர்ஷ்டக் கண்ணை நோண்டினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்றார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் எஸ்டேட் மருந்தகத்து டிரெசர் இப்படித்தான் நல்ல கண்ணைக் கட்டச் சொன்னானாம், தாம் கேட்கவில்லையாம், அதனால் நீ என்ன குறைந்து போனாய் என்றார். எனக்கும் ஒரு டிரெசர் சொல்லியிருந்தார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அப்போது என் கவலை பிள்ளையைப் பற்றி. சத்தம் போட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அப்பாவின் அதிர்ஷ்டக் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களில் பலர் போல அவரும் நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர். புதன், சனி, ஞாயிறு குலுக்கல். என்ன நம்பர் எடுப்பது என்பதற்கு ஒரு புத்தகம் உண்டு. பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நம்பர். கனவில் பாம்பு வந்தால் பாம்புக்குள்ள நம்பரை எடுப்பார்கள். அப்பாவுக்குக் கனவு சரியாக வராது. அதனால் என்னை மடியில் உட்கார வைத்து, என் வலது கண்ணைத் தம் உள்ளங்கையால் பொத்தி, அதிர்ஷ்டக் கண்ணால் பார்த்து ஒரு படத்தைத் தொடு என்பார். நான் தொடுவேன். ஒரு முறை வாத்தைத் தொட்டேன். வாத்தின் நம்பருக்குப் பரிசு அடித்தது. அந்தப் பணத்தில் ஒரு பழைய லோரி வாங்கி, கதவில் வெள்ளை வாத்து வரைந்தார். பெக்கோக்கில் இன்றைக்கும் அவர் பெயர் வாத்து சதாசிவம். எஸ்டேட்டில் கூலியாக இருந்த குடும்பம் சொந்த லோரி வைத்தது என்றால் அது இந்தப் பெண்ணின் கண்ணால்தான் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளியில் ஒன்றரைக் கண்ணு என்று கூப்பிட்டவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் பஸீலாவிடம் போனோம். லோஷினி அதே பெரிய எழுத்தோடு நின்றுவிட்டாள். ஒரு வரி கூட இறங்கவில்லை. பஸீலா என்னைப் பார்த்து, தினமும் ஒட்டுகிறீர்களா என்று கேட்டாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது. நான் என்ன பொய்யா சொல்கிறேன், தினமும் பிளாஸ்டர் தீர்கிறதே என்று படபடத்தேன். அவள் பதிலுக்குக் கோபப்படவில்லை. என்னையே நாற்காலியில் உட்காரச் சொன்னாள். என் வலது கண்ணை மூடினாள்.

எனக்கு மேலே இரண்டு வரி தெரிந்தது. மூன்றாவது வரியில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கும்பலாக நின்றன. ஒரே ஓர் எழுத்தைத் தனியாகக் காட்டினால் சொன்னேன்; பக்கத்தில் நாலு எழுத்து வந்து நின்றதும் எதுவும் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரு கண் இப்படித்தான் இருக்கும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். முப்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை, கீறல் பார்க்கிற வேலை செய்கிறவள், இது கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

எனக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். பெரியவர்களுக்குக் கஷ்டம் என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டில் சண்டை கேம் இருக்கிறதா என்றாள். நான் வாயைப் பிளந்தேன்.

“சிரிக்காதீங்கக்கா. நான் படிச்சதத்தான் சொல்றேன்,” என்றாள். “நல்ல கண்ண மூடிட்டு ஆக்‌ஷன் கேம் விளையாண்ட பெரியவங்க சில பேருக்கு சோம்பேறிக் கண்ணுல பார்வை கொஞ்சம் கூடியிருக்கு. எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல மாட்டேன். டிவின்னா தெரியாதத விட்டுட்டு உக்காந்திருக்கலாம். அந்த கேம்ல விட்டா செத்துருவீங்க. அதான் வித்தியாசம் லா.”

மற்றதையும் விளக்கினாள். அந்த விளையாட்டில் எதிரி நடுவில் வந்து நிற்க மாட்டான். ஓரத்தில், மூலையில், சாம்பல் சுவருக்கு முன்னால் சாம்பல் சட்டையோடு நிற்பான். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் நகர்வார்கள். எல்லாரையும் கண்ணில் வைத்திருக்க வேண்டும். தவறினால் உடனே தண்டனை, பிடித்தால் உடனே பரிசு. மூளை இதற்குத்தான் விழித்துக்கொள்ளும் என்பது ஆராய்ச்சி செய்தவர்களின் எண்ணமாம். ஆஸ்பத்திரி டாக்டரிடமும் கேட்கச் சொன்னாள். அவர், தினம் ஒரு மணி நேரம் விளையாடுங்கள், எதுவும் இரண்டிரண்டாகத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார்.

என் கண்ணுக்காக நான் ஒப்புக்கொண்டேன் என்றால் பொய். வேறொரு கணக்கு இருந்தது. பிளாஸ்டர் ஒட்டினால் லோஷினி அழுகிறாள் என்று அப்பா தினமும் புலம்பினார். அம்மாவும் ஒட்டிக்கொண்டால் பிள்ளை அழமாட்டாள் என்று நினைத்தேன். மத்தியானம் அப்பாவோடு இரண்டு மணி நேரம், சாயங்காலம் என்னோடு இன்னொரு மணி நேரம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

யுகேந்திரனிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து வருடம் வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்து வைத்துச் சிரித்தார். கண்ட்ரோலரை என் கையில் திணித்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று பாடம் எடுத்தார். நான் வலது கண்ணில் பிளாஸ்டரோடு உட்கார்ந்தேன். பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டி, லோஷினி அவளுடைய பிளாஸ்டரோடு பாசி மணி கோத்துக்கொண்டிருந்தாள். சுடுவதையெல்லாம் பிள்ளை பார்க்க வேண்டாம் என்பதில் மட்டும் நான் கறார்.

முதல் நாள் நான் செத்துக்கொண்டே இருந்தேன். திரை முழுக்கக் கஞ்சித் தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. எங்கிருந்தோ சுடுவார்கள், திரை சிவக்கும், முடிந்தது. யுகேந்திரன் பின்னால் நின்று, “நடுவுலயே மொறச்சுப் பாக்காத பிரேமா. எல்லா பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கண்ண வை,” என்பார். கண்ணே தெரியாதவளுக்கு இவர் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறார் என்று எரிந்து விழுந்தேன். அரை மணி நேரத்தில் தலை கனத்து, தோள் இறுகி, கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஆனால் லோஷினி அழவில்லை. அம்மா எத்தனை முறை செத்தாள் என்று சத்தத்தை வைத்தே எண்ணிக்கொண்டு மணி கோத்தாள். அது போதும் என்று மறுநாளும் உட்கார்ந்தேன்.

ஒரு மாதம் வரைக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஒரு சாயங்காலம், இடது ஓரத்தில் சுவரின் நிழலில் ஏதோ அசைந்தது. யோசிப்பதற்கு முன்பே என் விரல் சுட்டுவிட்டது. விழுந்தவன் சாம்பல் சட்டைக்காரன். யுகேந்திரன் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். அவனைத் தாமே பார்க்கவில்லை என்றார். அவர் என்னைக் குளிர்விக்கச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அன்று இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கியது.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கும்பலாக நின்றவர்கள் தனித்தனி ஆட்களானார்கள். முதலில் நாலு பேர் வந்தால் இரண்டு பேரைக் கண்ணிலிருந்து தவறவிடுவேன். பிறகு ஒருவனை மட்டும்தான் தவறவிட்டேன். எனக்கு அந்த விளையாட்டே பிடித்துப்போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யுகேந்திரன் தம் முறைக்காகக் காத்திருந்து, மணி ஆகிவிட்டது, மணி ஆகிவிட்டது என்று நச்சரிக்கும் காலம் வந்தது. மாமியார் மருமகள் சண்டை இல்லாத வீட்டில் கண்ட்ரோலருக்குச் சண்டை நடந்தது.

நாலு மாதம் ஆனதும் பஸீலா என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். மூன்றாவது வரியை முழுதாகப் படித்தேன். நாலாவதில் ஓர் எழுத்துதான் தப்பு. அவள் இரண்டு முறை பார்த்தாள். கண் நேராகிவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்தேன். அது அப்படியே மூக்குப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. சாய்வு போகாது அக்கா, பார்வைதான் கூடியிருக்கிறது என்றாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் பாதி, இத்தனை வருடம் சும்மா கிடந்ததே என்ற வயிற்றெரிச்சலில் பாதி.

ஆனால் லோஷினி ஒரே ஒரு வரிதான் இறங்கியிருந்தாள். பஸீலா அதைச் சொல்லத் தயங்கினாள். ஐந்து வயதுக்கு இது போதாது என்றாள். தினம் மூன்று மணி நேரம் ஒட்டுகிற பிள்ளை என்னைவிட வேகமாக முன்னேற வேண்டும். சாயங்காலம் ஒட்டுகிற ஒரு மணி நேரத்துக்கு உண்டான பலன் மட்டும்தான் தெரிகிறது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பிளாஸ்டர் பெட்டியை எடுத்து வைக்கப் போய்விட்டாள். இந்த முறை நான் படபடக்கவில்லை.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளையின் முகத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் கழித்துப் பிளாஸ்டரை உரித்தால், அவள் கன்னத்தில் லேசான சிவப்பு விளிம்பு தெரியும். என் கன்னத்திலும் அது இருக்கும். குளித்த பிறகும் கொஞ்ச நேரம் போகாது. நான் வேலை முடிந்து வரும்போது லோஷினி மத்தியானப் பிளாஸ்டரோடுதான் எப்போதும் வாசலில் நிற்பாள். அதை உரித்துப் பார்த்தேன். கீழே விளிம்பே இல்லை. மா பிசைந்த பாத்திரத்தைத் துடைத்து வைத்தது போல் சுத்தமாக இருந்தது. முன்பெல்லாம் இது என் கண்ணில் படாமல் போனது ஏன் என்று தெரியவில்லை. தொழிற்சாலையில் கறுப்பின் மேல் கறுப்பாக இருக்கிற கீறல்களையும் இப்போது முன்னைவிடச் சீக்கிரம் பிடித்தேன். விளையாட்டின் பலனோ, சந்தேகத்தின் பலனோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு மத்தியானமே வந்தேன். மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்காதபடி அதை ரயில் கேட்டுப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். பின்பக்கக் கதவு திறந்திருந்தது.

சமையலறை மேசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். லோஷினி அவர் மடியில். பிளாஸ்டர் உரிக்கப்பட்டு ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. மேசையில் நம்பர் புத்தகம் விரிந்திருந்தது. அப்பாவின் உள்ளங்கை பிள்ளையின் வலது கண்ணைப் பொத்தியிருந்தது. தொடு கண்ணு என்றார். லோஷினி விரலை நீட்டினாள். விரல் புத்தகத்துக்குப் பக்கத்தில், வெள்ளை மேசைத் துணியின் மேல் போய் நின்றது. அங்கே படமும் இல்லை, நம்பரும் இல்லை. பிள்ளை அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அந்த விரலைப் பிடித்து, தூக்கி, புத்தகத்துக்குள் வைத்தார்.

“இங்கதானே காமிச்சே கண்ணு?” என்றார்.

லோஷினி ம் என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதே மடி, அதே உள்ளங்கையின் புகையிலை வாசம், விரலின் மேல் அதே கெட்டியான பிடி. என் விரலும் இப்படித்தான் தூக்கி வைக்கப்பட்டது. அவர் ஏமாற்றவில்லை, அது எனக்கு அப்போதே தெரிந்தது. பிள்ளை கை தடுமாறுகிறது, சரியாக வைக்க உதவுகிறோம் என்றுதான் நினைத்திருக்கிறார். அது தெரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடியது. திட்டித் தீர்க்கிற அளவுக்குக் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என்னைப் பார்த்ததும் அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். பிள்ளை அழுதாள், அதனால் கொஞ்ச நேரம் எடுத்தேன், நீ வருகிற நேரத்துக்கு ஒட்டிவிடுவேன் என்று தடுமாறினார். தினமுமா என்று கேட்டேன். தினமும்தான்.

லோஷினியை இறக்கி ரயில் பார்க்க ஜன்னலுக்கு அனுப்பினேன். அவர் எதிரே உட்கார்ந்தேன். என் வலது கண்ணை என் கையால் பொத்திக்கொண்டேன்.

“புத்தகத்த என் பக்கம் திருப்புங்கப்பா.”

அவர் திருப்பினார். முகத்தில் சட்டென்று ஒரு நம்பிக்கை கூட வந்தது, பாவம். நான் மேல் வரிசையிலிருந்து படித்தேன். கோழி. ஏணி. குடை. அடுத்தது கிணறா தொட்டியா தெரியவில்லை. அதற்குக் கீழே ஆடு, சைக்கிள், தொப்பி போட்ட ஆள். நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன், ஆனாலும் படித்தேன்.

“இப்ப தெரியுதுப்பா. சின்ன புள்ளையில எனக்கு ஒண்ணுமே தெரியல. கறுப்பா ஒரு கும்பல்தான் தெரியும்.”

புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பின்ன எப்படி அந்த வாத்த காமிச்சே?”

“நான் காமிக்கல. நீங்க என் வெரல எடுத்து வச்சீங்க. இப்ப இவ வெரல வச்ச மாதிரி.”

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். எதிர்த்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். லோரி வாங்கியது பொய்யா, நம்பர் அடித்தது பொய்யா என்று கேட்பார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று இருந்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

“அப்ப அந்தக் கண்ணால நீ என்னய பாத்ததே இல்லியா?”

“ஆள் தெரியும். மூஞ்சி தெரியாது.”

கையை இன்னும் எடுக்காமல் அவரைப் பார்த்தேன். வாய்க்கு மேலே நரைத்த மீசை ஒரு பக்கம் சரியாக வெட்டப்படாமல் இருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் தளர்ந்து தொங்கியது. அந்தக் கண்ணால் என் அப்பாவின் முகத்தை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். அது அழப் போகிற முகமாக இருந்தது. ஆனால் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

“எனக்கு இந்த வயசுல, அந்தப் பொட்டி முன்னால உக்காந்து மல்லுக்கட்டி, ரெண்டு வரி கெடச்சுச்சு. இவளுக்கு முழுசும் கெடைக்கும்னு டாக்டர் சொல்றாரு. இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. அதுக்கப்புறம் நீங்களும் நானும் தலகீழா நின்னாலும் முடியாது. நாளைக்கும் இவள நீங்கதான் பாக்கணும். எனக்கு வேற ஆளு இல்ல.”

அப்பா எழுந்து போய் முகம் கழுவினார். அன்று நம்பர் கடைக்குப் போகவில்லை. யுகேந்திரன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சிம்பாங் ரெங்கத்தில் பிள்ளை பார்த்துக்கொள்கிற ஆண்ட்டி யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கலாம் என்றார். ஒரு நாள் பார்ப்போம் என்றேன். சொன்னேனே தவிர, எனக்கு நம்பிக்கை இல்லை. பேத்தி உதட்டைப் பிதுக்கினாலே உருகிவிடுகிற மனிதர் அவர். அதிர்ஷ்டத்தை விட்டாலும் விடுவார், பிள்ளையின் அழுகையைத் தாங்க மாட்டார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அப்பா. பின்னால் லோஷினி கதறுவது கேட்டது. எடு தாத்தா, எடு தாத்தா என்று மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், எடுக்கட்டுமா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“பிரேமா, புள்ள ரொம்ப அழுவுது,” என்றார். அவர் குரலே உடைந்திருந்தது. “அது ரெண்டு கையையும் புடிச்சு வச்சிருக்கேன். காலால என்னய ஒதைக்குது. நான் எடுக்கல. எடுக்க மாட்டேன். தனியா கேக்க முடியலம்மா, அதான் கூப்பிட்டேன். நீ ஒண்ணும் பேச வேணாம், போன மட்டும் வச்சிராத.”

நான் வைக்கவில்லை. மகளும் அப்பாவும் அழுவதைக் காதில் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த மலாய்க்காரப் பெண் என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். இடைவேளை முடிந்து மணி அடித்தபோதும் லோஷினி அழுதுகொண்டுதான் இருந்தாள், பிளாஸ்டர் அவள் கண்ணில்தான் இருந்தது.